இரண்டாம் ஓலையில் வந்த தடை

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரம். சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்துவிட்டு வந்து, சற்று உட்கார்ந்து எழுந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலை வாசிக்க ஆரம்பித்தார். ஓலை என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். 'இவர்களுக்குள் திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்' என்று அது முடியும். முன்பெல்லாம் காதால் கேட்டதோடு சரி. இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து, எழுத்தாகவும் ஓடவிடுகிறார்கள்.

திரையில் பார்த்தேன். மணமகன் சென்னையில் பணிபுரிபவர். மணமகள் பெங்களூரில் பணிபுரிபவர். 'தடை ஏதேனும்' என்று சாமியார் வாசிக்கும்போதே என் விலாவில் ஓர் இடி விழுந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இருந்ததெல்லாம் போய், சேர்ந்து உட்காரலாம் என்று ஆனதால் வந்த வினை. என் மனைவி செலின், முகத்தைப் பீடத்தின் பக்கமே பக்தியாக வைத்துக்கொண்டு, "இன்னாங்க, தடை இருக்குதா?" என்று கிசுகிசுத்தாள். சிரிப்பை அடக்கப் போய் எனக்கு இருமல் வந்து, முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாம்பிராணி வாசனைக்கும் அச்சு மைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு உண்டு. மெட்ராஸில், ராயப்பேட்டைச் சந்து ஒன்றில், அச்சகத்தில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை வேலை முடித்து பஸ் பிடித்து பாண்டிச்சேரியில் வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, ஞாயிறு காலை பூசையில் கை கூப்பி நின்றால், நகக்கண் எல்லாம் நீலமாக இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாம்பிராணிப் புகையோடு அந்த மை வாசனையும் எனக்கு மட்டும் வரும். அம்மா பார்த்துவிட்டு, "சாமி முன்னாடி நீட்டுற கையாடா இது?" என்பாள். எனக்கோ அந்தக் கையின் மேல் சொல்ல முடியாத பெருமை. அந்த நீலம் மெட்ராஸ் நீலம் அல்லவா!

மெட்ராஸ் எனக்கு முதல் நாளிலேயே பிடித்துவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பாண்டியில் டவுன் பையன்களோடு படித்தபோது, நான் 'இன்னா' என்று சொன்னாலே கேலி செய்வார்கள். மெட்ராஸில் இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாபா, எங்க போவணும்?" என்றார். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு பெரிய ஊரே என்னைப் போலப் பேசுகிறது, அப்புறம் எனக்கு என்ன பயம்? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில் கிடைத்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, கட்டிலுக்கு மேல் நான். வேர்வை, கொசு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் பச்சைக் குடத்தோடு ஓட்டம் எல்லாம் உண்டு. ஆனால் சாயங்காலம் நடந்து போனால் கடல். இத்தனை பேர் தினமும் வந்து உட்கார்ந்து எழுந்து போயும் அந்தக் கடற்கரையில் எனக்கென்று ஓர் இடம் மிச்சம் இருந்தது.

ஒன்றுதான் கஷ்டம். ஊர் எது என்று கேட்டு, பாண்டி என்று நான் சொன்னவுடனே கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். "வரும்போது ஒரு பாட்டில்..." என்று இழுப்பார். பாண்டி எங்களுக்கே டவுன், நாங்கள் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமம், எங்கள் ஊரில் நெல்லும் கரும்பும்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் யார் கேட்டார்கள்? பிற்பாடு பெங்களூருக்குப் போனபோது அங்கேயும் இதே மலர்ச்சி, இதே இழுவை. இந்த இரண்டு ஊர்களும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செலினுக்கும் எங்கள் பாண்டிதான், பாகூர் பக்கம். லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, பெங்களூர் பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். மோட்டாருக்குள் போகிற சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் செய்கிற இடம். அவற்றை அளந்து பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்கிற பிரிவில் அவள். பெரியவர்கள் பார்த்துப் பேசி, எங்களுக்கு நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றியவர்கள் தேதி பேசினார்கள், பந்தல் பேசினார்கள், பிரியாணிக்கு ஆள் பேசினார்கள். குடித்தனம் எந்த ஊரில் என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. பெண்தான் வருவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

ஞாயிறு ஊருக்குப் போகாத வாரங்களில், மேன்ஷனுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளுடைய விடுதிக்குப் போன் போடுவேன். நிச்சயமான புதிதில் மற்றவர்கள் என்னென்னவோ பேசிக்கொள்வார்களாம். நாங்கள் ஊர்ச் சண்டை போட்டோம்.

"எங்க ஊர்ல ஃபேன் போடாம தூங்குறோம். உங்க ஊர்ல?" என்பாள்.

"எங்க ஊர்ல கடல் இருக்குது. உங்க ஊர்ல இருந்த ஏரியையும் மண்ணடிச்சி மூடிட்டாங்களாமே?"

"ஏரி வேணும்னா எங்க பாகூர் ஏரி இருக்குது, எந்த ஊரு ஏரியும் எனக்கு வேணாம். மெட்ராஸ் கடல் தண்ணிய குடிக்க முடியுமா? கொடத்த தூக்கிக்கினு லாரி பின்னாடி ஓடுறீங்களாமே!"

"உங்க ஊர்ல சாம்பார்ல வெல்லம் போடறானாம். அது சாம்பாரா, பாயசமா?"

"நாலு மணிக்கு மழை வந்து தெருவக் கழுவிட்டுப் போவும். நீங்க தெரு கழுவிப் பாத்திருக்கீங்களா?"

பூத்துக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். வரிசையில் நின்றவர்கள் சிலர் மெட்ராஸ் பக்கம் சேர்ந்துகொண்டு எனக்கு எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல சண்டை அது. அப்படியே போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு வாக்கில், "எப்படியும் கல்யாணத்துக்கு அப்புறம் இங்கதான வரப்போற? அப்ப தெரியும் எங்க ஊர் அருமை" என்று சொல்லிவிட்டேன்.

மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வரேன்னு யாரு சொன்னது?" என்றாள். குரல் மாறிவிட்டிருந்தது. "இங்க என்னைச் சீக்கிரமே இன்சார்ஜ் ஆக்கப்போறாங்க. இந்த ஃப்ளோர்ல நான் ஒருத்திதான் பொம்பள. பொம்பளப் புள்ளைக்கு மெஷின் பத்தி என்னா தெரியும்னு கேட்டவங்கதான் இன்னிக்கி என்னைக் கேட்டுட்டுப் பொட்டி மூடுறாங்க. மெட்ராஸுக்கு வந்தா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். வேலைய விட்டுட்டுதான் வரணும்னா மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள சொல்லிடுங்க. அத்தோட நிறுத்திக்கலாம்."

எனக்கும் ரோஷம் வந்தது. நானும் சும்மா இல்லை. அச்சகத்தில் புதிதாக இறங்கிய நாலு கலர் மெஷினை அப்போதுதான் என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டு இன்னொரு ஊரில் போய்க் கைகட்டி நிற்பதா? ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "புருசன் பின்னாடி பொண்டாட்டி போவா. பொண்டாட்டி பின்னாடி புருசன் போய் நான் பாத்ததில்ல" என்று அவள் முடித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சவரி மாமா, அம்மாவுக்குத் தம்பி. ஒன்றும் சொல்லவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பெங்களூரில் குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, ஊரிலிருந்தே விடியற்காலையில் கிளம்பினேன். செலினுக்குச் சொல்லவில்லை. மதகடிப்பட்டில் பஸ் ஏறி விழுப்புரம், அங்கிருந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஒசூர் என்று மாறி மாறிப் போய் இறங்கினேன். குளிர் நன்றாக இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல், அது ஒரு குறை. சாம்பாரில் வெல்லம் உண்மைதான், அது பெரிய குறை. ஒரு தமிழ்க்காரரிடம் வழி கேட்டபோது என் 'இன்னா'வுக்கு அவர் சிரித்தார், அதை மன்னிக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். இப்படிச் சேர்த்துக்கொண்டே போய் பீனியாவில் அவள் தொழிற்சாலை வாசலில் நின்றேன்.

வாசலை அடைத்துக்கொண்டு சரக்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி பீடி குடித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கிருஷ்ணகிரிக்காரர், தமிழ் பேசினார். "ஏன் நிக்குது?" என்று கேட்டேன்.

"செலின் மேடம் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க சரின்னு சொல்லாம வண்டி கேட்டைத் தாண்டாது."

லாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உள்ளே தெரிந்தது. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு செலின் நின்றாள். கடைசியாக ஏற்ற இருந்த பெட்டியைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து அளவுக் கருவியில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஆண்கள் நின்றார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு சாமானை எடுத்துத் தனியாக வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். யாரோ ஓடிப்போய் மாற்றுக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவள் நிமிர்ந்து, கையை உயர்த்தினாள். டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு ஏறினார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். அவ்வளவு பெரிய லாரி உறுமிக்கொண்டு கிளம்பிப் போயிற்று.

நான் உள்ளே போகவில்லை. என்ன சொல்லிப் போவது? குறை பார்க்க வந்தேன் என்றா? வந்த வழியே திரும்பி பஸ் ஏறினேன். ஒசூர் வரைக்கும் அந்தக் கை என் கண் முன்னால் நின்றது. மெட்ராஸில் என் மெஷினை நான் எத்தனையோ முறை ஓட்டி நிறுத்தியிருக்கிறேன். என் கைக்காக யாரும் அப்படிக் காத்து நின்றதில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த வாரமே ஊரில் முதல் ஓலை வாசித்தார்கள்.

இரண்டாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குச் செலினையும் அவள் அப்பா அம்மாவையும் சாமியார் வரச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து மந்திரம் கேட்பது வழக்கம். பரலோக மந்திரம், விசுவாச மந்திரம் என்று செபங்கள் எல்லாம் ஒப்பிக்க வேண்டும். நான் பஸ்ஸில் வரும்போது மந்திரத்தைப் படிக்கவில்லை. மெட்ராஸுக்காக வாதாட வேண்டிய பேச்சைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் சவரி மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓலையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்புகிறவர் அவர். தடை இருந்தால் சொல் என்று கோயிலில் கேட்கிறார்கள், தெரிந்தும் சொல்லாவிட்டால் பாவம் என்பது அவர் கட்சி. ஒரு முறை, நடவு நேரத்தில் கல்யாணம் வைத்தால் விருந்துக்கு யார் வருவார்கள் என்று, யாருடைய கல்யாணத்துக்கோ தடை சொல்லப் போய் சாமியாரிடம் திட்டு வாங்கியவர்.

இரண்டாம் ஓலை வாசித்து, பூசை முடிந்து, எல்லாரும் வெளியே பூவரச மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சாமியார் அங்கி மாற்றிக்கொண்டு வந்தார். மாமா அவருக்கு எதிரே போய் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"சாமி, தடை இருக்குது."

சாமியார் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. எனக்கு வேறு எங்கேயோ ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "யாருக்குப்பா? என்ன தடை?"

"பொண்ணு பெங்களூர்ன்றா, பையன் மெட்ராஸ்ன்றான். எந்த ஊர்ல வூடு பாக்கறதுன்னு இதுவரைக்கும் முடிவு இல்ல. அது தெரியாம மூணாவது ஓலைய எப்பிடி சாமி வாசிப்பீங்க?"

கூட்டம் சிரித்தது. சாமியாரும் சிரித்தார். ஆனால் செலின் சிரிக்கவில்லை. அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் அதைக் கவனித்துவிட்டு சிரிப்பை நிறுத்தினார். "இது சட்டப்படி தடை இல்ல. ஆனா சரியான கேள்விதான். மந்திரம் அப்புறம் கேக்கறேன், மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

கலைந்து போகக் கிளம்பியவர்கள் எல்லாம் திரும்பி வந்து நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். விட்டுக்கொடுத்துவிடாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். செலின் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு சொல் தவறிச் சொன்னால் அவள் அப்படியே திரும்பிப் பாகூர் பஸ் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸுக்காகத் தயாரித்த பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கடல், 'இன்னா', நாலு கலர் மெஷின், எல்லாம் வரிசையாக இருந்தது.

"நான் பெங்களூர் போறேன், சாமி" என்றேன்.

"இன்னாடா சொல்ற?" என்று அம்மா கத்தினாள்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்தேம்மா. இவ ஃபேக்டரி வாசல்ல லாரி நிக்குது. இவ பாத்து கை தூக்கினாதான் அது கெளம்புது. அத்தினி பேரு இவ கையையே பாத்துக்கினு நிக்கிறாங்க. நான் லீவு போட்டா என் மெஷினை இன்னொருத்தன் ஓட்டுவான். அச்சாபீசு எந்த ஊர்லயும் இருக்குது. இவ வேலை பெருசு. நான்தான் போவணும்."

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. என் ஊரில், என் கோயில் வாசலில், எனக்கு மனைவியாக வரப்போகிறவளைப் பற்றி அப்படிச் சொல்லக் கிடைத்ததே என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

செலின் மெல்லக் கேட்டாள். "எப்ப வந்தீங்க?"

"ரெண்டு வாரம் முன்னாடி."

"உள்ள வந்திருக்கலாம்ல? ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேன்." அவ்வளவுதான் சொன்னாள். கைப்பை வாரை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தடை போச்சுது, சாமி" என்று மாமா அறிவித்தார். பிறகு மந்திரம் கேட்டார்கள். விசுவாச மந்திரத்தில் பாதியில் நான் முழித்தேன். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊரில் எனக்குப் 'பெங்களூரு மாப்ள' என்று பெயர் வைத்தார்கள். சொந்த ஊரிலேயே மாப்பிள்ளை ஆனவன் நான் ஒருவன்தான். பெங்களூர் ராஜாஜிநகரில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. அங்கே நாலு கலர் இல்லை, இரண்டு கலர்தான். பல வருஷம் அதோடு பழகினேன். மெட்ராஸை நினைத்து ஏங்காமல் இல்லை. வெயில் காலம் என்று அந்த ஊரார் முனகுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். வெயில் என்றால் என்ன என்று இவர்களுக்கு என்ன தெரியும்? ஆனால் செலின் இன்சார்ஜ் ஆன அன்று வீட்டுக்கு லட்டு வாங்கி வந்தாள். பின்னால் அந்தப் பிரிவுக்கே தலைமை ஆனாள். அவளிடம் வேலை பழகிய பெண்கள் பலர். கேட்டில் அவளுக்காக நிற்கப் போனால், "மேடம் வீட்டுக்காரர்" என்று எனக்கு நாற்காலி போடுவார்கள். மெட்ராஸில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தபோது அம்மாவே பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம்மருமவ கை தூக்கினாதான் லாரி போவும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

அவள் பணி ஓய்வு பெற்ற கையோடு ஊருக்கே வந்துவிட்டோம். இப்போதும் தச்சர் வாசற்கால் வைத்தால் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறாள்.

போன ஞாயிறு அந்தப் பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, "அந்த மெட்ராஸ் பேச்சு மிச்சம் இருக்குதே. இப்பவாவது பேசுங்க, கேக்கறேன்" என்றாள். ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. மேன்ஷனை இடித்து ஓட்டல் கட்டிவிட்டார்கள். பூத் போன இடம் தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டு, தன் பக்கத்தையும் சொன்னாள். தொழிற்சாலை ஊருக்கு வெளியே போய்விட்டது. லாரி நின்ற இடத்தில் அடுக்குமாடி. ஃபேன் இல்லாமல் அங்கே இப்போது யார் தூங்குகிறார்கள்? இங்கே பூவரச மரத்தையும் வெட்டி, கார் நிறுத்தக் கொட்டகை போட்டாயிற்று. சவரி மாமாவும் இல்லை.

திரையில் பார்த்த மணப்பெண் எங்கள் தெருப் பெண்தான். பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்து நின்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் சென்னையா, பெங்களூரா?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "ரெண்டும் இல்ல அங்கிள். எங்க ரெண்டு பேருக்கும் வூட்லேருந்துதான் வேலை. பாகூர்ல அவரு வூட்டு மாடில ஆளுக்கு ஒரு ரூம் போட்டாச்சு. அவரு ஒரு ரூம்ல சென்னை, நான் ஒரு ரூம்ல பெங்களூரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நல்ல காலம் என்று நான் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன், அந்தப் பெண் எதையும் விட வேண்டியதில்லை. செலின் என் கையை, முன்பு நீலமாக இருந்த அந்தக் கையை, தெருவென்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டாள்.

"பாவங்க அந்தப் பையன்" என்றாள். "அவளுக்காக வுட்டுட்டு வரணும்னா, வுடறதுக்கு அவனுக்கு ஒரு ஊரே இல்லாம போச்சே."